யூதக் கிழவிக்கு உம்மாவின் பேச்சு

பக்கத்து வளவு மாமரத்துக்குக் கல்லெறிந்து, அந்த வீட்டு ஓடுகளையும் உடைத்துவிட்டு, பிறகு அவர்கள் வாசலிலேயே போய் நின்று "ஒங்கட மாங்கா புளிக்கி" என்று முறைப்பாடு சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலுக்கு ஆங்கிலத்தில் ஹுட்ஸ்பா என்று பெயர். பிறப்பில் அது ஆங்கிலச் சொல் அல்ல. ஐரோப்பாவின் ஏழை யூதர்கள் வீட்டுக்குள் பேசிய யித்திஷ் மொழியிலிருந்து வந்தது. அதன் முதல் எழுத்தைத் தொண்டையின் அடியிலிருந்து காறி எடுக்க வேண்டும். அமெரிக்கர்களே அதில் தடுமாறுவார்கள். எனக்கு முதல் தடவையிலேயே வந்தது. சின்ன வயதில் மதரஸாவில் பிரம்புக்குப் பயந்து அரபு ஓதிப் பழகிய தொண்டை.

ஏறாவூரில் என் வீட்டு முன் அறையில் இருந்துகொண்டு, சென்னைக் கம்பனி ஒன்றுக்கு வேலை செய்கிறேன். ஆங்கிலத் தொடர்களில் வருகிறவர்களைத் தமிழில் பேசவைக்க வசனம் எழுதுவதுதான் வேலை. அதற்கு முன் மட்டக்களப்பில் ஒரு பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்தேன். ஆசிரியர் அறையில் நான் ஏதாவது சொன்னால், "டீச்சர், இன்னொருக்கா சொல்லுங்க, கேக்க ஆசையாக் கிடக்கு" என்பார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். முஸ்லிம்கள் எங்கள் பேச்சு மற்றவர்களுக்கு எப்போதும் பகிடிதான். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்திருக்கிறேன்.

போன வருடம் ஒரு தொடர் வந்தது. நியூயோர்க்கில் ஒரு யூதக் கிழவி, புருஷன் இல்லாதவள், ஒரேயொரு மகள். கிழவி வாயைத் திறந்தால் ஆங்கிலத்தின் நடுவில் யித்திஷ் கொட்டும். பையைத் தூக்கி வந்தால் தூக்கினேன் என்று சொல்லமாட்டாள், ஷ்லெப் பண்ணினேன் என்பாள். அதில் பையின் பாரமும் இருக்கும், தூக்கவைத்தவர்கள் மேல் உள்ள கோபமும் இருக்கும். மருமகன் கோப்பையை விழுத்தினால் அவன் கிளட்ஸ். நாள் முழுக்கப் புறுபுறுப்பது குவெட்ச், இடையில் கொறிப்பது நாஷ். மென்ஷ் என்றால் மனிதன் என்றுதான் அர்த்தம், ஆனால் அந்தப் பட்டத்தை அவள் லேசில் யாருக்கும் கொடுக்கமாட்டாள். இந்தச் சொற்களை அமெரிக்காவில் யூதர் அல்லாதவர்களும் பேசுகிறார்கள், பத்திரிகையிலும் எழுதுகிறார்கள். ஒருவரும் சிரிப்பதில்லை.

இரண்டாவது காட்சியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. இது என் உம்மா.

உம்மா மௌத்தாகி, அவரை அடக்கி அப்போது கொஞ்சக் காலம்தான். அவருக்கு எல்லாமே பெரும் ஆபத்துதான், சோறு அடிப்பிடித்தாலும் முஸீபத்து, மழை பெய்தாலும் முஸீபத்து. மருமகன் அனுப்பிய காசு கையில் தங்காவிட்டால் "பரக்கத்து இல்லாத சல்லி" என்பார். பிள்ளைகள் சொல் கேட்காவிட்டால் "என்ட நசீபு" என்று நெற்றியில் அடித்துக்கொள்வார். அவரிடம் ஒரு பழைய கிதாபு இருந்தது, அரபு எழுத்தில் எழுதிய தமிழ். யித்திஷைப் பற்றி வாசித்தபோது, ஜெர்மனைப் போன்ற அந்தப் பேச்சை யூதர்கள் ஹீப்ரு எழுத்தில் எழுதினார்கள் என்று இருந்தது. இவர்களும் நம்மைப் போல அதே வேலையைப் பார்த்தவர்கள்தான் என்று நினைத்தேன்.

உம்மாவின் குரலை நாங்கள் ஒருவரும் பதிந்து வைக்கவில்லை. அவருடைய பேச்சு ஒரு தடவையாவது அவரைத் தெரியாத ஊர்களில் கேட்க வேண்டும், ஆட்கள் பகிடி பண்ணாமல் அவரோடு சேர்ந்து சிரிக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

எழுதினேன். மகளுக்காகக் கறியும் ரொட்டியும் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறி வந்த கிழவி, மகள் சாப்பிட மறுத்ததும் சொல்வாள்: "இம்புட்டயும் ஒத்தயில இழுபட்டுத் தூக்கி வந்திரிக்கன், ஒரு வாய் கொறிச்சா என்ன முஸீபத்தா வரப்போகுது ஒனக்கு?" எழுதிவிட்டு நானே சத்தமாகச் சிரித்தேன்.

உம்மாவின் மூத்த மகள், என் ராத்தா, அடுத்த வளவில் இருக்கிறாள். பின்னேரத் தேத்தண்ணிக்கு வந்தவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"யாரு இந்தக் கிழவி?"

"யூதப் பொம்புள."

கோப்பையைக் கீழே வைத்தாள். "அங்க காஸாவில புள்ளயள் மௌத்தாகிற நேரத்தில, நீ யூதக் கிழவிக்கு நம்மட உம்மாட பேச்சக் குடுக்கிறியா?"

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. அதே செய்தியைப் பார்த்து நானும்தான் அழுகிறேன். ஆனால் மாடிப்படி ஏறி மூச்சு வாங்குகிற அந்த மனிசி யாரைக் கொன்றாள்? அதைச் சொன்னேன். ராத்தா தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பிப் போனாள். நான் வசனத்தை மாற்றாமல் அனுப்பினேன்.

மேற்பார்வை செய்கிற சென்னைப் பிள்ளை போன் எடுத்தது. "மேடம், டயலாக் ரொம்ப நல்லா இருக்கு. ஆனா கேரக்டர் யூத லேடி. முஸ்லிம் வார்த்தைங்க வந்தா ஆடியன்ஸ் குழம்பிடுவாங்க. கொஞ்சம் பொதுவான தமிழ்ல குடுங்களேன்."

"அவ பேசுறதும் பொதுவான ஆங்கிலம் இல்லையே" என்றேன்.

மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னது. பிறகு பதில் வந்தது. "மாமி பாஷைல வச்சுடலாம்னு சொல்றாங்க மேடம். அது எல்லாருக்கும் புரியும், காமெடியும் நல்லா வரும்."

மாமி என்றால் சினிமாவில் வருகிற ஐயர் வீட்டு மாமி. யூதக் கிழவி முஸீபத்து என்றால் ஆட்கள் குழம்பிவிடுவார்கள். அவளே பகவானைக் கூப்பிட்டால் குழம்பமாட்டார்கள். ஹுட்ஸ்பாவுக்கு இதைவிட நல்ல உதாரணம் தேடிப் பிடிக்க முடியாது. எரிச்சலில் இரண்டு நாள் கணினியைத் திறக்கவே இல்லை. மாட்டேன் என்று சொல்லலாம்தான். கட்டாரிலிருந்து திரும்பி வந்த என் புருஷன் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். நான் எழுதாவிட்டால் வேறு யாரோ எழுதப்போகிறார்கள்.

ஐயர் வீட்டு மாமி ஒருவரையும் நான் நேரில் கண்டதில்லை. படங்களில் பார்த்த மாமிகளையெல்லாம் மனதுக்குள் கூட்டி வந்து உட்காரவைத்து எழுதினேன். "ஐயோ பகவானே, இத்தனையும் நான் ஒண்டியா தூக்கிண்டு வந்திருக்கேன், ஒரு வாய் சாப்பிட்டா கொறஞ்சா போயிடுவே?" தடக்காமல் வந்தது. ஊரான் பேச்சை எழுதுவதற்கு எனக்கு எவ்வளவு கெட்டித்தனம் என்று எனக்கே வெறுப்பாக இருந்தது. சென்னைப் பிள்ளை, "எப்படி மேடம் இவ்வளவு இயல்பா வருது" என்று புகழ்ந்தது.

தொடர் வெளியானபோது ராத்தாதான் வந்து கூப்பிட்டாள். கோபம் ஆறியிருந்தது. அவள் வீட்டு டீவியில் இரண்டு பேரும் பார்த்தோம். கிழவி பையோடு படியேறி வந்தாள், மூச்சு வாங்கினாள், பகவானைக் கூப்பிட்டாள். ராத்தா சிரித்துச் சிரித்து முக்காட்டுத் தொங்கலால் கண்ணைத் துடைத்தாள்.

"இப்பதான் பேச்சு பேச்சா இரிக்கி" என்றாள். கிழவி மகளை ஏசத் தொடங்கியதும், "புள்ள, கோவம் வரக்குள்ள அப்படியே நம்மட உம்மாதான், என்ன?" என்றாள்.

"ஓம் ராத்தா, உம்மாதான்" என்றேன். உம்மா பேசிய ஒரு சொல்லும் அதில் இல்லை.