கணவர் கைக்குப் போன என் கட்டுரை

நானும் என் கணவரும் ஒரே துறை, மூலக்கூறு உயிரியல். அவர் ஓர் ஆய்வு நிலையத்தில், நான் ஒரு கல்லூரியில், இரண்டும் புதுச்சேரிக்குள்ளேயே. அவர் பெயர் வெளியே தெரிந்தது ஒரே ஒரு கட்டுரையால்தான். உப்புத் தண்ணீர் பட்டால் நெல்லில் விழித்துக்கொள்ளும் ஒரு ஜீனைக் கண்டுபிடித்திருந்தார். எங்கெங்கோ இருந்தவர்கள் அதை மேற்கோள் காட்டினார்கள். முதலில் ஒவ்வொரு மேற்கோளுக்கும் வீட்டில் பிரியாணி வந்தது. எண்ணிக்கை ஏறிப்போனதும் நிறுத்திக்கொண்டோம். எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அந்த ஜீனில் நானும் கைவைத்ததுதான் வினை. பிள்ளைச்சாவடிப் பக்கத்து உவர்நிலத்தில் விளையும் நெல்லில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க நினைத்தேன். கொஞ்சம் நாற்றைப் பிடுங்கி உப்புத் தண்ணீரில் வைத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க இன்னும் கொஞ்சம் பிடுங்கி வெறும் தண்ணீரில் வைத்தேன். இரண்டிலும் ஜீன் ஒரே மாதிரி விழித்திருந்தது. திரும்பத் திரும்பச் செய்தும் அதே முடிவு. அவர் கட்டுரையை எடுத்துப் படித்தேன். உப்புத் தண்ணீரில் வைத்த நாற்றை மட்டும் பிடுங்கியிருந்தார்; ஒப்பிட வைத்ததைப் பிடுங்கவே இல்லை, மண்ணிலேயே விட்டிருந்தார். ஆக, ஜீன் விழித்தது உப்புக்காக அல்ல, வேர் அறுந்ததற்காக.

அவரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “எழுது” என்றார். எழுதி வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினேன். ஒருவருடைய முடிவை மறுத்து எழுதினால், அவரிடமே ரகசியமாகக் கருத்துக் கேட்பது அங்கே வழக்கம். எனக்கு என் அப்பா இனிஷியல், அவருக்கு அவர் அப்பா இனிஷியல். நாங்கள் புருஷன் பெண்டாட்டி என்று அந்த இதழின் ஆசிரியருக்கு எப்படித் தெரியும்?

ஒருநாள் பிரவுசிங் சென்டரிலிருந்து வந்தவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, “உன் பேப்பர் எனக்கே ரெவ்யூவுக்கு வந்திருக்கு” என்றார்.

“என் பொண்டாட்டி எழுதினதுன்னு சொல்லி உடனே திருப்பி அனுப்பிடுங்க.”

“அனுப்பறேன். இப்ப என்னா அவசரம்?”

அவர் அவசரப்படாததற்குக் காரணம் இருந்தது. அடுத்த மாதம் பேராசிரியர் பதவிக்கு அவருக்கு இண்டர்வியூ. காட்டுவதற்கு அவரிடம் இருந்தது அந்தக் கட்டுரையும் அதன் மேற்கோள் எண்ணிக்கையும்தான். திருப்பி அனுப்பினால் என் கட்டுரை வேறு ஒருவரிடம் போகும், செய்தி பரவும். அவர் கையிலேயே இருந்தால் அது தூங்கும்.

தினமும் கேட்டேன். “சர்வர் ஸ்லோ” என்றார். “கரண்ட் போச்சு” என்றார். யாரிடம் கதை விடுகிறார்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானே ஆசிரியருக்கு எழுதிவிடலாம் என்று பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்து, அடித்ததை அழித்துவிட்டு வந்தேன். இண்டர்வியூவுக்கு முன்னால் அவரைத் தலைகுனிய வைக்க மனசு வரவில்லை. வீட்டில் உப்பு என்ற வார்த்தையை எடுக்கவே இருவருக்கும் பயம். சாம்பாரில் குறைந்தால் அவரே எழுந்துபோய்ப் போட்டுக்கொண்டார்.

இண்டர்வியூ முடிந்து வந்தவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

“அந்த பேப்பரப் பத்திக் கேட்டாங்களா?”

“இத்தன பேர் மேற்கோள் காட்டியிருக்காங்களேன்னு பாராட்டினாங்க. அப்புறம் ஒருத்தர், இத யாராச்சும் மறுத்திருக்காங்களான்னு கேட்டாரு.”

“என்ன சொன்னீங்க?”

“அச்சுல இதுவரைக்கும் யாரும் மறுக்கலன்னு சொன்னேன்.” என் முகத்தைப் பார்க்காமல், “பொய் இல்லயே அது” என்றார்.

“இல்லதான். அச்சுல வரவிடாம நீங்கதான உட்கார்ந்திருக்கீங்க?”

அவர் எழுந்து வெளியே போனார். அரைமணி நேரத்தில் திரும்பி வந்து, “திருப்பி அனுப்பிட்டேன்” என்றார். அன்றைக்கு சர்வர் ஸ்லோ இல்லை போலிருக்கிறது. அந்த நிமிடம் அவரை நான் மனசார வெறுத்தேன்.

பதவி அவருக்குக் கிடைத்தது. என் கட்டுரை அச்சில் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ஒன்றை மறுக்க வேண்டுமென்றால் முதலில் அதைக் குறிப்பிட்டாக வேண்டும். குறிப்பிட்டிருந்தேன். அவருடைய மேற்கோள் எண்ணிக்கையில் ஒன்று கூடியது.