கட்டுப் போட்ட காலும் பதினொரு பேரும்

கொட்டகலையில் நான் படிப்பிக்கும் பாடசாலையின் பின்பக்கப் படிகளில் எப்போதும் பாசி பிடித்திருக்கும். இருபத்திரண்டு வருடமாக அந்தப் படிகளில் ஏறி இறங்கியவன், ஒரு மழைநாள் காலையில் கணக்குக் கொப்பிகளைச் சுமந்துகொண்டு வந்து வழுக்கி விழுந்தேன். வலது கணுக்காலில் எலும்பு முறிந்துவிட்டது. ஆறு வாரத்துக்குக் காலை ஊன்றவே கூடாது என்று மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சும்மா இருப்பது என் சுபாவத்திலேயே கிடையாது. எங்கள் வீடு வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே ஏறும் பாதையில் இருக்கிறது. மனைவி பக்கத்துத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் கிளார்க். ஏழரைக்கு அவள் போய்விட்டால் நான்கு மணி வரை நான் தனியாள். ஒன்பது மணிக்குள் நாற்காலியை மூன்று தடவை இடம் மாற்றியிருப்பேன். ஜன்னலோரம் குளிரும், வாசல் பக்கம் சாரல் அடிக்கும், குசினியில் அடுப்புப் பக்கம் உட்கார்ந்தால் எதையாவது எட்டி எடுக்கத் தோன்றும். பத்திரிகையை மரண அறிவித்தல் வரை படித்து முடித்துவிட்டு மனைவிக்குப் போன் எடுப்பேன். ஒருநாள் நாலாவது தடவை எடுத்தபோது அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

“என்னங்க, பெரிய தொர பக்கத்துலயே நிக்கிறாரு. நகவெட்டி எங்க இருக்குன்னு கேக்கவா போன் எடுப்பீங்க?”

அன்றைக்கே அவள் எங்கள் மகளிடம் முறையிட்டிருக்க வேண்டும்.

மகள் கொழும்பில் நர்ஸ். ஒரே பிள்ளை. இரண்டு வருடத்துக்கு முன் அவளே விரும்பி ஒரு சிங்களப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். நான் எதிர்க்கவில்லை. ஆனால் சரி என்றும் வாயால் சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் போனேன், போட்டோவுக்கு நின்றேன், வந்துவிட்டேன். அதன் பிறகு மகள் பேசும்போது அவர் எப்போதாவது போனை வாங்கி, “மாமா, கொஹொமத?” என்று சிங்களத்தில் சுகம் விசாரிப்பார். “ஹொந்தய்”, நல்ல சுகம் என்று சொல்லிவிட்டுப் போனை மனைவியிடம் கொடுத்துவிடுவேன். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். கல்விக் கந்தோரில் அதிகாரிகளோடு மணிக்கணக்காகப் பேசுவேன், ஸ்டேஷன் மாஸ்டரோடு அரசியல் பேசுவேன். மருமகனோடு மட்டும் அந்த ஒரு சொல்தான்.

அந்த மருமகனிடமிருந்துதான் ஒரு லிங்க் வந்தது. பின்னாலேயே மகளின் போன்.

“அப்பா, அது பேண்டஸி கிரிக்கெட். நீங்களே பதினொரு பேரைப் பொறுக்கி ஒரு டீம் போடணும். அவங்க நெஜ மேட்ச்ல எப்புடி விளையாடுறாங்களோ, அதுக்கேத்த மாதிரி உங்களுக்குப் புள்ளி வரும். இவரோட சேத்து ஆபீஸ்ல ஏழு பேரு விளையாடுறாங்க. உங்களையும் சேத்துக்கிட்டோம்.”

“பந்தயமா?”

“இல்லப்பா. ஃப்ரீ.”

நான் கணக்கு வாத்தியார். யாரும் எதையும் சும்மா தருவார்கள் என்று நம்பினதில்லை. தலவாக்கலை பஸாரில் போன் பந்தயத்தில் மாட்டிக்கொண்ட இரண்டு பேரை எனக்கே தெரியும். எங்கே பணம் பிடுங்குகிறார்கள் என்று கண்டுபிடித்து மருமகனுக்குக் காட்டிவிட வேண்டும் என்றே அந்தத் தளத்துக்குள் நுழைந்தேன். நிபந்தனைகள் என்று பொடி எழுத்தில் இருந்த நீண்ட பக்கத்தைக் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்தேன். பெயரும் ஈமெயிலும் கேட்டார்கள். அவ்வளவுதான். முதல் மேட்ச் முடிந்ததும் வங்கி அட்டை நம்பர் கேட்பார்கள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. இரண்டாவது வாரமும் கேட்கவில்லை. அடியில் ஒரு பற்பசை விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது, அதைத் தவிர எவரும் என்னிடம் எதையும் விற்க வரவில்லை.

புள்ளிக் கணக்கிலாவது தில்லுமுல்லு இருக்கும் என்று பேனா எடுத்து உட்கார்ந்தேன். ஓட்டத்துக்கு இவ்வளவு, பிடிக்கு இவ்வளவு, விக்கெட்டுக்கு இவ்வளவு, நாம் கேப்டனாக வைத்தவருக்கு இரட்டிப்பு. ஒவ்வொரு மேட்சையும் கொப்பியில் கூட்டிப் பார்த்தேன். ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும், அதைவிட அதிகமாகச் சந்தோஷமாகவும் இருந்தது.

ஒரு தடவை மட்டும் என் பந்துவீச்சாளருக்குப் புள்ளி குறைந்திருந்தது. தப்புக் கிடைத்துவிட்டது என்று நானாகவே மருமகனுக்குப் போன் எடுத்தேன். அதுதான் நான் அவருக்கு எடுத்த முதல் அழைப்பு. அவர் மகளிடம் கற்றுக்கொண்ட தமிழில் நிதானமாக விளக்கினார்.

“மாமா, ஓட்டம் நிறைய குடுத்தா புள்ளி வெட்டுவாங்க. அந்த கிரவுண்ட்ல ஸ்பின் திரும்பாது. நீங்க அவரைப் போட்டது பிழை.”

“பிழை இல்ல. முந்தின மேட்ச்ல மூணு விக்கெட் எடுத்தவர்.”

“அது வேற கிரவுண்ட், மாமா.”

தமிழில் தொடங்கிச் சிங்களத்தில் போய், இரண்டும் கலந்து வாதாடிக்கொண்டிருந்தோம். நனைந்த குடையோடு வாசலில் வந்து நின்ற மனைவி, “யாரு?” என்று கையால் கேட்டாள். “மருமகன்” என்றேன். அவள் குடையை மடக்கவே மறந்து நின்றாள்.

அதற்குப் பிறகு என் பரபரப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. முதல் பந்து வீசப்படும் வரை அணியை மாற்றலாம் என்பது விதி. அந்தக் கடைசி நிமிடம் வரைக்கும் நான் ஒருவரை எடுத்து ஒருவரைப் போட்டுக்கொண்டே இருப்பேன். சோறு ஆறிப்போகும். எட்டுப் பேர் கொண்ட எங்கள் குழுவில், அந்தத் தொடரின் இறுதிப் போட்டிக்கு முன் நான் முதலாவதாக இருந்தேன். மருமகன் இரண்டாவது. இடையில் பதினொரு புள்ளிதான்.

இறுதிப் போட்டிக்கு முதல் நாள் பெருமழை. மறுநாள் காலையில் இன்டர்நெட் இல்லை. எனக்கோ கேப்டனை மாற்றியே ஆக வேண்டும். மத்தியானம் ஒரு மணிக்கு எப்படியோ போன் ஒருதரம் போனது. வேறு யாரிடம் கேட்பது? மருமகனிடம்தான் சொன்னேன்.

“உங்க டீமுக்குள்ள போகணும்னா பாஸ்வேர்ட் வேணும், மாமா.”

அந்தப் பாஸ்வேர்ட், மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் மட்டும் கூப்பிட்ட செல்லப் பெயர். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். அந்தப் பக்கம் அவர் மெல்லச் சிரித்தார். யாரைக் கேப்டனாக்க வேண்டும் என்று கத்திச் சொன்னேன். “சரி மா...” என்றதோடு லைன் அறுந்தது. அதற்குப் பிறகு போனில் ஒரு சிக்னல் கோடுகூட இல்லை. டவர் விழுந்துவிட்டது என்று பாதையில் போனவர்கள் சொன்னார்கள்.

வீட்டில் இருக்க முடியவில்லை. ஊன்றுகோலை ஊன்றி, ஈரப் பாதையில் பக்கவாட்டாக இறங்கி ஸ்டேஷனுக்குப் போனேன். ஸ்டேஷன் மாஸ்டரின் போனும் செத்துக் கிடந்தது. ஆனால் அவரிடம் சின்ன ரேடியோ ஒன்று இருந்தது. சிங்கள வர்ணனை. பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தார்.

முதல் செய்தியே இடி. என் வேகப்பந்து வீச்சாளர் விரலில் காயம், விளையாடவில்லை. அப்படியென்றால் எனக்குப் பத்துப் பேர்தான். அதன் பிறகு நான் கேப்டனாக்கச் சொன்னவர் அடிக்கத் தொடங்கினார். நான்கு, ஆறு, மறுபடி நான்கு. ஒவ்வொரு அடிக்கும் எழும்பப் பார்த்தேன், பாதியில் உட்கார்ந்தேன். அந்த ஓட்டம் எனக்கு இரட்டிப்பாக வருகிறதா இல்லையா என்பதே தெரியாதே! மாற்றியிருப்பாரா? அவசரப்பட்டுப் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டேனோ? மாற்றாமல் விட்டால் அவர்தானே முதலாவது? லைன் கட்டாகிவிட்டது, சரியாகக் கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் என்ன செய்ய முடியும்?

சாயந்தரம் இதை மனைவியிடம் கேட்டேன்.

“அவரு மாத்தியிருப்பாருன்னு நினைக்கிறியா?”

பிளாஸ்கில் இருந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். “புள்ளையவே குடுத்திருக்கோம். நீங்க என்னமோ பதினோரு பேரக் குடுத்துட்டு உக்காந்திருக்கீங்க.”



மறுநாள் காலை ஒன்பதரைக்கு இணைப்பு வந்தது. உடனே திறந்தேன். கேப்டன் மாறியிருந்தார். அதுமட்டுமல்ல. காயப்பட்ட பந்துவீச்சாளர் என் அணியில் இல்லை. அந்த இடத்தில் நான் நினைத்துக்கூடப் பார்க்காத ஒரு சுழற்பந்து வீச்சாளர் இருந்தார். இரண்டு விக்கெட் எடுத்திருந்தார். நான் நான்கு புள்ளி வித்தியாசத்தில் முதலாவது. அந்த இரண்டு விக்கெட் இல்லையென்றால் மருமகன்தான் முதலாவது. கொப்பியில் இரண்டு தரம் கூட்டிப் பார்த்துவிட்டுப் போன் எடுத்தேன்.

“அந்த பௌலர ஏன் மாத்துனீங்க? நான் சொல்லலையே.”

“டாஸ் போட்ட பிறகுதான் அவர் இல்லைன்னு சொன்னாங்க, மாமா. உங்களுக்குப் போன்ல கோல் எடுத்தேன், போகல. பத்துப் பேரோட உங்கள விட்டா நல்லா இல்லதானே.”

பேசாமல் இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை.

“நேத்து முழுக்க நான் உங்களச் சந்தேகப்பட்டேன்” என்றேன்.

கொழும்பு ரோட்டில் ஒரு த்ரீவீலர் ஹார்ன் அடிப்பது கேட்டது.

“நானும் யோசிச்சேன், மாமா” என்றார். “ஒரு அஞ்சு நிமிஷம். மாத்தாம விட்டா நான்தான் முதல். யாருக்கும் தெரியாது.” பிறகு அவசரமாக, “அவகிட்ட சொல்ல வேணாம், ஆ?” என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரித்தார். மனைவி எத்தனையோ தடவை சொல்லச் சொல்லியும் நான் ஒருமுறைகூடச் சொல்லாத வார்த்தை அப்போது தானாக வாயில் வந்தது.

“வர்ற பௌர்ணமி போயா லீவுக்கு ரெண்டு பேரும் வாங்க.”

வந்தார்கள். அந்த வாரம் புதிய தொடர் ஒன்று தொடங்க இருந்தது. மகளும் மனைவியும் குசினியில் பேசிக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் முன்னறையில் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்து பிற்பகல் முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். என் பதினொரு பேரில் பத்துப் பேரை அவருக்குக் காட்டினேன். கேப்டன் யாரென்று மட்டும் காட்டவில்லை.