களத்துக்குள் முயல் வைத்த நாகலிங்கம் அண்ணை

புளியங்குளம் சந்தியில் தேத்தண்ணிக் கடை வாசலில் நின்றபோதுதான் செய்தி வந்தது. கிளிநொச்சிப் பக்கமிருந்து வந்த பஸ்ஸில் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுகிற கமக்காரர் ஒருவர் இருந்தார். யன்னலால் தலையை நீட்டி, "உங்கட நாகலிங்கண்ணை விடியக் காலமை நித்திரையிலேயே போயிட்டார்" என்றார். வழக்கமாக அவருடைய பெயரைக் கேட்டாலே எனக்கு வாயில் ஒரு பகிடி வரும். அன்றைக்கு வரவில்லை. தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. நான் பள்ளிக்கூடத்து வாங்கில் இருந்ததைவிட வயல் வரம்பில் இருந்ததுதான் கூட.

யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றக் காணிக்கு வந்தபோது நாங்கள் பக்கத்துப் பக்கத்து வளவுக்காரர். கட்டுக்கடங்காத குழுவன் மாட்டையும் மூக்கணாங்கயிற்றில் பிடித்து நிறுத்துகிற ஆள் அவர். அந்த ஆள் ஒருநாள் சந்தைக்குக் கலப்பைக் கொழு வாங்கப் போய், கொழுவை மறந்துவிட்டுப் பனையோலைக் கடகத்துக்குள் ஒரு சோடி வெள்ளை முயலோடு வந்து இறங்கினார். காட்டு முயலைக் கண்டால் கறிச்சட்டியை நினைக்கிற ஊரில் முயலுக்குப் புல்லுப் பிடுங்கிய மனிதர் அவர் ஒருவர்தான். நான் விடுவேனா? வேலியால் எட்டிப் பார்க்கும் போதெல்லாம் "எப்ப அண்ணை கறி?" என்று கேட்பேன். அவர் நிமிராமலே சொல்லுவார்: "உன்னைப் பிடிச்சுக் கறி வைச்சாலும் வைப்பன். இதுகளிலை கை வைக்கன்."

முயலின் குணம் அவருக்கு அடிபட்டுத்தான் தெரியவந்தது. முதல் குட்டிகளில் ஒன்று செத்தது ஒரு ஊர் நாயால்தான், ஆனால் நாய் அதைத் தொடவேயில்லை. கூட்டைச் சுற்றிச் சுற்றி மோந்துவிட்டுப் போனதுதான். குட்டி மூலையில் விறைத்தபடி செத்துக் கிடந்தது. "கடியில்லை, காயமில்லை. பயத்திலை செத்திருக்குது. கூட்டுக்குப் பூட்டுப் போட்டாப் போதாது, நாய் கண்ணிலையே படக்கூடாது" என்று அவர் சொன்ன முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

இப்படியிருக்க, அண்ணையின் மகள் மலருக்கு உடையார்கட்டிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் ஆறுமுகத்தார் பெரிய வேட்டைக்காரர். களத்தில் மாடு விட்டு நெல்லைச் சூடடிக்கிற நாட்களில் வந்து நின்று உதவி செய்வதாகவும், அந்தச் சாட்டில் பெண் வீட்டையும் பார்த்துக்கொள்வதாகவும் சொல்லியனுப்பினார். வந்தார். கூடவே கறுவலும் வந்தது. கன்றுக்குட்டி அளவில் ஒரு வேட்டை நாய். அவர் காட்டில் அடிக்கிற இறைச்சியில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. அப்படிப்பட்ட நாயைக் கட்டிப் போடச் சொல்வதும், அந்த மனிதரைப் படலைக்கு வெளியே நிற்கச் சொல்வதும் எங்கள் பக்கத்தில் ஒன்றுதான்.

வந்த கையோடு கறுவல் முயல் கூட்டைக் கண்டுபிடித்துவிட்டது. முயல்கள் பின்னங்காலால் பலகையில் அடித்துவிட்டு மூலைக்குள் ஒடுங்கின. அன்று வைத்த புல் அப்படியே கிடந்தது. அண்ணையின் மனைவி பாக்கியமக்கா அழாக்குறையாக, முயல்களை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னா. மகளின் காரியம் குழம்பினால் பிறகு யார் வருவார்கள் என்று கேட்டா. நாகலிங்கம் அண்ணை வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்: "கலியாணமும் நடக்கும். முயலும் இருக்கும். ஒண்டுக்காக ஒண்டை விடன்."

மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டார். ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கூட்டைத் தூக்கினோம். எங்கே என்று கேட்டேன். "களத்துக்கு" என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. சூடடிக்கிற களத்துக்குள் செருப்போடு கால் வைக்கக்கூடாது, நாய் அறவே வரக்கூடாது. ஆறுமுகத்தாரும் நெல் விளைவிக்கிறவர். தன் நாயைக் களத்துக்குள் விட அவர் மனமே விடாது. மாட்டுச் சத்தம் முயல்களுக்குப் பழக்கம். இரவிலும் நெல்லுக்குக் காவலாக ஆட்கள் அங்கேயே படுப்பார்கள்.

ஆனால் மாடு வளைத்துக்கொண்டு நின்ற பெரியவர் ஒருவர் மறித்தார். களத்துக்குள் முயலை வைக்கிற வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டார். நாகலிங்கம் அண்ணை கூட்டை இறக்காமலே பதில் சொன்னார்: "ஏன் ஐயா, அதுகளும் வெறுங்காலோடதானே வந்திருக்குதுகள்." பெரியவர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் வழிவிட்டார்.

அண்ணை நினைத்தபடியே நடந்தது. ஆறுமுகத்தார் களத்து விளிம்பில் ஒரு சத்தம் கொடுக்க, கறுவல் அங்கேயே படுத்தது. ஆனால் கண்ணைக் கூட்டிலிருந்து எடுக்கவில்லை. முயல்கள் அன்றும் வாய் வைக்கவில்லை. பெட்டை முயலின் விலா படபடவென்று அடிப்பது எனக்கே தெரிந்தது. நாகலிங்கம் அண்ணை வைக்கோலை அள்ளி அள்ளிக் கூட்டைச் சுற்றிச் சுவர் மாதிரி அடுக்கத் தொடங்கினார். மாடு விடுகிற வேலையையும் விட்டுவிட்டு, சம்பந்தி பார்த்துக்கொண்டிருக்க, நாயின் பார்வைக்கும் முயலுக்கும் நடுவில் அவர் அடுக்கிக்கொண்டே இருந்தார்.

ஆறுமுகத்தார் விளங்காத மனிதரில்லை. கிட்ட வந்து கேட்டார்: "என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. முதல் நாளே கட்டியிருப்பனே."

"சொன்னா நாயைக் கட்டுவியள், தெரியும். பிறகு நீங்களும் கட்டிப்போட்ட ஆள் மாதிரித்தானே என்ரை வீட்டிலை இருப்பியள்?"

 ஆறுமுகத்தார் தோளில் கிடந்த சால்வையை எடுத்துத் திரித்து, கறுவலின் கழுத்தில் போட்டு, தூரத்தில் மரத்தடியில் நின்ற வண்டிச் சில்லில் தன் கையாலேயே கட்டினார். திரும்பி வந்து, "மலரோடை இந்த வெள்ளை முயலுகளும் எங்கடை வீட்டை வருமோ?" என்று கேட்டார்.

"அதை உங்கட நாயைக் கேட்டுத்தான் சொல்லலாம்" என்றார் அண்ணை. களம் முழுக்கச் சிரித்தது. மலரின் சம்பந்தம் பாக்கு வெற்றிலை மாற முதலே அங்கே பேசி முற்றாகிவிட்டது. அன்று பின்னேரம் பெட்டை முயல் ஒரு புல்லைக் கொறித்தது. அண்ணை என் தோளில் ஒரு அடி போட்டார். மாட்டுக்கு அடிக்கிற அடி அது.

செத்த வீட்டில் ஆறுமுகத்தார் என் பக்கத்தில்தான் இருந்தார். "எனக்கு முகம் கோணாமல் என்னை வென்ற ஒரே மனுசன்" என்று மட்டும் சொன்னார்.

வளவில் இப்ப நிற்கிற முயல்களைப் பாக்கியமக்கா பார்த்துக்கொள்ளுவா. அண்ணையிடமிருந்து எனக்குக் கிடைத்தது வேறு. இந்த முறை வாய்க்காலில் எனக்கு மேல் காணிக்காரர் தண்ணீரை மறித்து வைத்திருக்கிறார். முந்தி என்றால் மண்வெட்டியோடு போய்க் கத்தியிருப்பேன், அல்லது வாயை மூடிக்கொண்டு வயலைக் காயவிட்டிருப்பேன். நாளை காலை அவர் வீட்டுக்குப் போவேன், தேத்தண்ணி குடிப்பேன், அவருடைய பேரப்பிள்ளையைத் தூக்குவேன். தண்ணீர் என் வயலுக்குத் திரும்புமட்டும் அந்த முற்றத்தை விட்டு எழும்ப மாட்டேன்.