நான் கிழித்த முகவரிகள்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவில் சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக்கட்டடம் ஒன்றில் இருந்துகொண்டு, கிடைத்த துப்புரவு வேலைக்கெல்லாம் ஓடிக்கொண்டிருந்தோம். ஒருநாள் என் கணவரையும் என்னையும் ஒரு பழைய பத்திரிகை அலுவலகத்தைக் காலிசெய்யக் கூப்பிட்டார்கள்.

லித்துவேனியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் தங்கள் மொழியில் நடத்திய இடதுசாரிப் பத்திரிகை அது. வேலையில்லாமல் சனம் அலைந்த முப்பதுகளில், சுரங்கத்திலும் மரம் வெட்டும் முகாமிலும் உழைத்தவர்கள் தொடங்கியது. சொந்தச் சனமே சிவப்புக்காரர் என்று ஒதுக்கியதால், அயலவருக்குத் தெரியாமல் பெயரில்லாத மண்ணிறக் கடதாசி சுற்றித்தான் தபாலில் போகுமாம். இப்போது சோவியத்தும் இல்லை, வாசகர்களும் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொன்றாக எண்ணி அச்சிட்ட கடைசி இதழ் மேசையில் கிடந்தது. இதையெல்லாம் சொன்னவர், முப்பது வருடமாக அதைச் சுற்றி அனுப்பிய ஒரு வயதான பெண். சொல்லிவிட்டு முத்திரை வாங்கப் போனார்.

அலமாரிக்குள் ஒரு தகரப் பெட்டி. திறந்தால் அட்டை அட்டையாகப் பெயர்களும் முகவரிகளும். ஊரில் ஆமி செய்த ஒரு சுற்றிவளைப்பில் வாசிகசாலையின் அங்கத்தவர் பெயர்ப்புத்தகம் அகப்பட்டு, அதில் பெயர் இருந்த என் அண்ணனைக் கொண்டுபோனார்கள். போனவர் போனவர்தான்.

"உது ஆற்றையும் கையில அம்பிட்டா இந்தச் சனத்தின்ரை கதி என்னப்பா?" என்றேன்.

"அவ வரட்டும், கேட்டிட்டுச் செய்வம்" என்றார் கணவர்.

எனக்கு எங்கே பொறுமை? வாசலைப் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் கிழித்தேன். முதல் பையைக் கீழே கொண்டுபோய்ப் போட, குப்பை லொறி வந்து அள்ளிக்கொண்டு போனது. அப்போது நிம்மதியாகக்கூட இருந்தது.

அந்தப் பெண் முத்திரையோடு வந்து வெறும் பெட்டியைப் பார்த்தார். கடைசி இதழை அனுப்ப வைத்திருந்த முகவரிகள் அவை. வேறு பிரதி இல்லை. எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. அரைகுறை ஆங்கிலத்தில் அண்ணனின் கதையைச் சொன்னேன். அவர் ஏசவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. தன் கணவரும் ஒருகாலம் பொலிசுக்குப் பயந்து இதே பட்டியலை எரித்தவர் என்றார். ஆனால் அவர் தன்னைக் கேட்டுவிட்டு எரித்தாராம். அது சுருக்கென்று தைத்தது. பிறகு மிச்சப் பையைத் தரையில் கவிழ்த்துவிட்டு, பக்கத்தில் குந்தினார்.

மூன்று நாள் இருந்து, வாயில் நுழையாத பெயர்களைத் துண்டு துண்டாகச் சேர்த்து ஒட்டுநாடா போட்டு ஒட்டினேன். லொறியோடு போனவற்றை அவர் ஞாபகத்திலிருந்து எழுதினார். எல்லாம் முடிய, ஞாபகத்துக்கு வராத முகவரிகளுக்கான பதினொரு இதழ் மேசையிலேயே மிஞ்சியது.

ஒரு சேதிக்காக வருடக்கணக்காய் வாசலைப் பார்த்திருந்த வீட்டிலிருந்து வந்தவள் நான். அந்த நானே பதினொரு வீட்டைச் சேதியில்லாமல் காக்கவைத்துவிட்டேன் என்பது இன்றைக்கும் என்னை இருக்கவிடுவதில்லை.