கைக்குப் பழகிய கத்தி

எங்கள் அண்ணன் இல்லாத முதல் ஆண்டு இன்று நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையாகிய என் வணக்கம். அண்ணனின் உழைப்பையும் குணத்தையும் நீங்கள் அருகிலிருந்து பார்த்தவர்கள். உங்களில் யாருக்கும் தெரியாத ஒன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். அதில் என் தவறும் இருக்கிறது. அவர் இருந்தவரை அதைச் சொல்ல என்னை விடவில்லை.

அண்ணன் காத்திவாக்கத்தில் பிறந்தார். எங்கள் வீட்டில் அவர் மூத்தவர், நான் கடைசி. அவர் எட்டாம் வகுப்பு படிக்கும்போது அப்பா காய்ச்சலில் காலமானார். அடுத்த வாரமே புத்தகப் பையை என் தோளில் மாட்டிவிட்டுக் கட்டுமரம் ஏறினார். அவர் கடலுக்குப் போனதால்தான் நான் பள்ளி முடித்தேன், தையல் கற்றேன், எர்ணாவூரில் வாழ்க்கைப்பட்டேன். கழிமுகத்தில் இறால் குறைந்துபோன காலத்திலும் எனக்கு வர வேண்டிய சீர் எதுவும் குறைந்ததில்லை. அண்ணி வந்த பிறகு, அவருடைய தம்பி ஏழுமலையும் அண்ணனும் சேர்ந்து ஒரு பைபர் படகு எடுத்தார்கள். இரண்டு மகள்கள் பிறந்தார்கள். நல்ல நாட்கள் அவை.

ஒரு தை மாதத்துக் காலையில் படகைக் கரையேற்றும்போது அலை தூக்கியது. அண்ணனின் வலது கை இரண்டு படகுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, கட்டைவிரல் எலும்பு நொறுங்கிவிட்டது. இடுப்பிலிருந்த பழைய மடக்குக் கத்தியும் அன்றே தண்ணீரில் போயிற்று. கட்டுப் பிரித்த பிறகு கட்டைவிரல் மடங்கவில்லை. மருத்துவமனையில் அமுக்கிப் பழகச் சொல்லி ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். அண்ணன் அதை ஜன்னலில் வைத்ததோடு சரி.

ஒரு நாள் ஏழுமலை வந்து நிலைப்படியிலேயே நின்றார்.

"மாமா, கோச்சிக்காத. வலை எறங்க சொல்லோ கயிறு கால சுத்திச்சினா உடனே அறுக்கணும். கத்திய தொறந்து, தடிக்கயித்த ஒரே இழுப்புல அறுத்துக் காட்டு. அன்னிக்கே உன்ன ஏத்திக்கினு போறேன்."

"நியாயந்தான் மச்சான்," என்றார் அண்ணன்.

அந்த ஞாயிறு ராயபுரத்தில் படகுச் சாமான் விற்கும் கடைக்குப் போய், மரப்பிடி போட்ட புது மடக்குக் கத்தி ஒன்று வாங்கினேன். கடைக்கார பாய் எச்சரித்தே கொடுத்தார்.

"புதுசும்மா, முரண்டு புடிக்கும். சுத்தியால தட்டாதீங்க. மண்ணெண்ணெய்ல முக்கித் தொறந்து மூடுங்க, தொடச்சிட்டு ஒரு சொட்டு எண்ணெ வுடுங்க. தானா பழகிடும்."

அண்ணன் முன்னால் தரையில் வைத்தேன். இடது கையில் பிடியைப் பிடித்து, வலது கட்டைவிரல் நகத்தை அலகின் பள்ளத்தில் கொடுத்து இழுத்தார். அலகு அசையவே இல்லை. நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. கத்தியை மூலையில் எறிந்தார். அண்ணி அதை எடுத்துத் துடைத்தார்.

"கத்தி மேல இன்னாத்துக்குக் கோவம்? நாளைக்கும் இங்கதான் இருக்கப்போவுது."

மறுநாள் தேநீர் குடித்ததும் அண்ணனே ஒரு கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தார். அன்றிலிருந்து தினமும் அதே வேலை. கத்தியை எண்ணெயில் முக்கினால் கறுப்பாக இரும்புப் பொடி கழன்று வரும். பனியன் துணியால் துடைத்து, நான் கொண்டுபோய்க் கொடுத்த தையல் மெஷின் எண்ணெயில் ஒரு சொட்டு விடுவார். அலகு கால்வாசி வந்து, வெடுக்கென்று உள்ளே போய்விடும். மறுபடியும் இழுப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போகும்போதெல்லாம் விரலில் புதிதாக ஒரு துணிக்கட்டு இருக்கும்.

ஒரு மாதத்துக்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. அண்ணன் மருத்துவமனைக்குப் போயிருந்த ஒரு நாள், கத்தியை எடுத்துப்போய் எர்ணாவூரில் ஒரு பட்டறையில் கொடுத்தேன். அங்கிருந்தவர் அதை இறுக்கிப் பிடித்து, அலகைப் பிடித்து நிறுத்தும் உள் ஸ்பிரிங்கைத் தளர்த்திக் கொடுத்தார். குழந்தைகூடத் திறக்கலாம் போலாயிற்று. சத்தமில்லாமல் பழைய இடத்தில் வைத்துவிட்டு அன்று அண்ணன் வீட்டிலேயே தங்கினேன்.

மறுநாள் காலை அண்ணன் இழுத்ததும் அலகு முழுவதும் வெளியே வந்தது. அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன் முகத்தில் சிரிப்பில்லை. அண்ணி தேநீர் எடுக்க உள்ளே போனதும், விரல்களை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு கத்தி முனையைப் பலகையில் ஊன்றி அழுத்தினார். அலகு பட்டென்று மடங்கியது.

"பாப்பா, யார்கிட்ட குட்த்த?"

சொன்னேன். "நீ படற பாட்டப் பாக்க முடியலண்ணா."

"இத காட்டினா ஏழுமலை நம்பிடுவான். நடுக்கடல்ல அறுக்க சொல்லோ மடங்கிச்சினா? எனக்கு மீதி வெரலும் பூடும், அவன் உசுரும் பூடும்."

அண்ணியிடம், "இது சரியில்ல, வேற பாக்கணும்," என்று மட்டும் சொன்னார். என்னையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறி ராயபுரம் போனார். அதே கடை, அதே மாதிரிக் கத்தி, அதே முரண்டு. முதலிலிருந்து தொடங்கினார். நான் கை நீட்டினால், "எண்ணெ மட்டும் குடு," என்பார்.

ஆடி மாதத்தில் ஒரு காலை, உள்ளே மீன் ஆய்ந்துகொண்டிருந்த எனக்கும் அண்ணிக்கும் 'டக்' என்ற சத்தம் கேட்டது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. இருவரும் கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்தோம். அண்ணன் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். கட்டைவிரல் மடங்கியது, முழுதாக இல்லாவிட்டாலும் போதுமான அளவுக்கு. அன்றே கரைக்குப் போய், படகில் கட்டியிருந்த தடிக்கயிற்றை ஒரே இழுப்பில் அறுத்துக் காட்டினார். ஏழுமலை டீசல் கேனை அண்ணன் கையில் கொடுத்தார்.

ஐப்பசியில் ஏழுமலை பயந்ததே நடந்தது. வலை இறங்கும்போது கயிறு ஏழுமலையின் கணுக்காலைச் சுற்றிப் படகுக்கு வெளியே இழுத்துவிட்டது. அவர் படகின் விளிம்பைப் பிடித்துத் தொங்க, அண்ணன் கத்தியைத் திறந்து, குனிந்து கயிற்றை அறுத்தார். பாதி வலை போய்விட்டது. கால் வீங்கி நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்த ஏழுமலை, "யக்கா, மாமா இல்லாங்காட்டி இந்நேரம் நீ அழுதுகினு இருப்ப," என்றார். அண்ணி அவர் முதுகில் ஓர் அடி வைத்துவிட்டுச் சோறு போட்டார்.

செய்தி கேட்டதும் எர்ணாவூரிலிருந்து ஓடி வந்தேன். மாலையில் அண்ணனைத் தனியாகப் பார்த்து, "அந்தக் கத்தி விஷயத்த ஏழுமலைகிட்ட சொல்லிடட்டுமாண்ணா?" என்று கேட்டேன்.

"இன்னாத்த சொல்லுவ? எண்ணெ குட்த்தல்ல, அத சொல்லு. போதும்."

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஏழுமலைக்குப் படித்துக் காட்டினேன். அவர் குனிந்து தன் கணுக்காலைத் தடவிப் பார்த்தார். பிறகு, "போட்டுடு. மாமா கோச்சிக்க மாட்டாரு," என்றார். பல ஆண்டுகளாக என் நெஞ்சில் இருந்த பாரம் அப்போதுதான் இறங்கியது.

அதன்பின் அண்ணன் வெகுகாலம் கடலுக்குப் போனார். இரண்டு மகள்களையும் கட்டிக்கொடுத்தார், பேரப்பிள்ளைகளைப் பார்த்தார். சென்ற ஆண்டு நெஞ்சுச் சளி முற்றிப் பத்து நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பினார். கடைசி நாள் காலையில் கஞ்சி குடித்துவிட்டு ஏழுமலையிடம், "கடல் எப்பிடிக்கீது?" என்று கேட்டார்.

"சும்மா கீது மாமா, அலையே இல்ல."

"அப்ப போய்ட்டு வா. இங்க ஒக்காந்து என்னா பண்ணப்போற?"

ஏழுமலை போய்த் திரும்பிய உச்சிவேளையில், அண்ணன் அண்ணியின் மடியில் கை வைத்தபடி உறக்கத்திலேயே போயிருந்தார். துன்பம் இல்லை. உடலைக் கடலில் தேடிப் போகும் நிலையும் எங்களுக்கு வரவில்லை. கடலை நம்பிய வீட்டில் இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது உங்களுக்குத் தெரியும்.

மருத்துவமனையில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், பந்தல் போட்டுப் பதினாறு நாளும் அடுப்பைக் கவனித்துக்கொண்ட தெருப் பெண்களுக்கும், எர்ணாவூர் அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அடக்கத்தன்று தொழிலை விட்டுக் கரையில் நின்ற படகுக்காரர்கள் அனைவருக்கும் கைகூப்புகிறோம். மறுநாள் நீங்கள் கடலுக்குப் போனீர்கள். எல்லாப் படகும் கரை சேர்ந்ததா என்று அண்ணி ஆளனுப்பிக் கேட்டார். சேர்ந்துவிட்டது என்று சேதி வந்த பிறகுதான் அவர் சாப்பிட உட்கார்ந்தார். நாங்களும் உட்கார்ந்தோம்.