பிடிமண்ணும் இரண்டு கம்பிகளும்

என் வீட்டுக்காரருக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்தபோது பேச்சும் சேர்ந்து போயிற்று. தோட்டத்தில் மண்டோராக ஆள் மேய்த்தவர். அவர் ஓர் அதட்டல் போட்டால் லயத்துக் கடைசி வீடுவரை கேட்கும். கால் வராவிட்டால் போகிறது, அந்தக் குரல் மட்டும் வந்தால் போதும் என்று கும்பிடாத சாமி இல்லை.

அப்போதுதான் கொழுந்தனார் கோலாலம்பூரிலிருந்து ஒருவரை அழைத்து வந்தார். பழைய கோயில்களுக்கு அடியில் பூமியின் சக்தி கோடுகோடாக ஓடுகிறதாம். அது தெரிந்துதான் முன்னோர்கள் கோயில் கட்டினார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில், வெள்ளைக்காரத் துரை கையைக் காட்டிய இடத்தில் கட்டியது. லயத்துக்கும் சாக்கடைக்கும் நடுவே வேறு இடம் அவன் கொடுக்கவில்லை. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். ஆசை யாரை விட்டது?

வளைத்த செம்புக் கம்பிகளைக் கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு அந்த ஆள் கோயிலைச் சுற்றி நடந்தார். அம்மனுக்கு எதிரே கம்பிகள் அசையவே இல்லை. பின்பக்கம் கால் கழுவும் பைப்படிக்கு வந்ததும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்தன.

"புக்கிட் மெலாவத்தி மலையிலேர்ந்து ஒரு கோடு இப்படியே போகுதும்மா. இதுதான் எடம். அண்ணன இங்க உக்கார வைங்க லா, பேச்சு வந்துரும்."

வெள்ளிக்கிழமைதோறும் அந்த ஈரத்தில் அவரை உட்கார வைத்தேன். ஒருநாள் "ம்மா" என்று ஒரு சத்தம் வந்தது. கொட்டாவியோ என்னவோ, நான் ஊரெல்லாம் சொல்லிவிட்டேன்.

பிறகு தோட்டத்தை வீடு கட்ட விற்றுவிட்டார்கள். கோயில் புக்கிட் பெலிம்பிங் பக்கம் ஒரு துண்டு நிலத்துக்குப் போக வேண்டியதாயிற்று. கோயில் இடம் மாறும்போது பழைய மண்ணில் ஒரு பிடி எடுத்துப்போய்ப் புது இடத்தில் போடுவோம். அந்தப் பிடிமண்ணோடுதான் அம்மன் வருவாள். அதைக் கருவறையில் எடுப்பதுதான் முறை. ஆனால் என் வீட்டுக்காரர் இடக்கையை நீட்டிப் பைப்படியையே காட்டினார். கண்ணில் தண்ணீர். கோயில் தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"அங்கயே எடுத்துருவோம்க்கா. மண்டோரு ஆசப்பட்டுக் கேக்கறாரு."

அம்மன் காலடியை விட்டுவிட்டு, ஊரார் கால் கழுவிய சேற்றை மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு போனோம்.

புதுக்கோயிலில் அந்த மண் போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே அவரை உட்கார வைத்தேன். கொட்டாவிகூட வரவில்லை. பழைய இடத்தைத் தோண்டியபோது பைப்படிக்கு அடியில் துருப்பிடித்த இரும்புக் குழாய் ஒன்று கிடந்ததாகக் கொழுந்தனார் வந்து சொன்னார். கம்பியைச் சாய்த்தது அதுதானோ, யார் கண்டது. அன்று குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். இவருக்கும் வழியில்லை, அம்மனையும் அநாதையாக விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

அவர் விடுவதாக இல்லை. சட்டை மாட்டும் கம்பி இரண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். பிரித்து வளைத்துக் கொடுத்தேன். அவருக்கு இருப்பது ஒரு கைதானே? ஒன்றை அவர் பிடித்துக்கொள்வார். மற்றதை நான் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சக்கர நாற்காலியைத் தள்ளுவேன். தினமும் சாயங்காலம் வீட்டு வாசலில் எங்களுக்கு இதுதான் வேலை. பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா முதலில் வேடிக்கை பார்த்தாள். பிறகு அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கம்பி எங்கே தானாகச் சாயும்? நான்தான் மணிக்கட்டை லேசாகத் திருப்புவேன். உடனே அவர் முகம் மலரும். அந்த இடத்திலேயே நாற்காலியை நிறுத்துவேன், வாயைத் திறந்து திறந்து பார்ப்பார். வெறும் காற்றுதான் வரும்.

போன வாரம் எனக்கு மனசு விட்டுப்போயிற்று. இனி முடியாது என்று என் கம்பியை நேராகவே பிடித்திருந்தேன். பூச்சட்டிக்குப் பக்கத்தில் அவருடைய கம்பி என் கம்பிமேல் சாய்ந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அம்மா தாயே என்று குனிந்தேன்.

அவருடைய கட்டைவிரல், கம்பியை மெல்ல என் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது.

நான் பார்த்துவிட்டதை அவரும் பார்த்தார். விரல் நின்றது. எனக்காகத்தான் தள்ளியிருக்கிறார். அப்படியானால் எங்கள் வீட்டில் நம்புகிற ஆள் ஒருவருமே இல்லை.

இன்று சாயங்காலமும் கம்பியை எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.