பாவக்காய் முதல்ல, எறச்சி கடைசில

புதுச் சாப்பாடு விக்கிற கடையில நிக்கிறவனுக்குச் சமைக்கத் தெரியத் தேவையில்ல, "இது என்ன?" எண்டு கேக்கிற ஆளுக்குப் பதில் சொல்ல வாய் இருந்தாக் காணும். எங்கட கடையில அந்த வாய் நான்தான். கல்முனை பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கு எங்கட மச்சான்ட பெங்காலிச் சாப்பாட்டுக் கடை. பார்சல் கட்டுற இடைவெளியில போன்ல தட்டுறன், பிழை இருந்தாப் பொறுத்துக்கங்க. ஹோட்டல்ல நிண்டு பேச்சு வாங்கின ஆக்களுக்கு நான் எதையும் விளங்கப்படுத்தத் தேவையில்ல.

மச்சான் எண்டா எண்ட ராத்தாட, அதாவது அக்காட, மாப்பிள்ள. எங்கட ஊர் முறைப்படி கலியாணம் முடிச்சு எங்கட ஊட்டுக்கு வந்தவரு. வந்து கொஞ்ச நாள்லயே கத்தாருக்கு ஏறிட்டாரு. அங்க ஒரு கம்பனி மெஸ்ஸில ஷஃபிக் பாய் எண்ட பங்களாதேஷ் சமையல்காரர்ட்ட வேல பழகினாரு. இப்ப லீவுல வந்தவரு, "இனி ஏறமாட்டன், இஞ்சயே கடை போடுறன்" எண்டு நிக்காரு. கத்தார் முதலாளி நோன்பு வரைக்கும் இவர்ட இடத்தக் காலியா வெச்சிருக்கானாம். கடை நிண்டா மச்சான் நிப்பாரு, கடை விழுந்தா நோன்போட ஏறிடுவாரு. அதனால பின்னேரம் நான் ஊட்டுக்குப் போனா, ராத்தா வாசல்லயே மறிச்சுக் கேப்பா: "இண்டைக்குச் சட்டி காலியாடா?"

கடுகெண்ணெய்

முதல் நாள் போட்டது ஆலு பொர்த்தா. மசிச்ச உருளைக்கிழங்கு, பச்ச வெங்காயம், பொரிச்ச செத்தல் மிளகாய், அதுக்கு மேல பச்சையா கடுகெண்ணெய். பெங்காலிக்கு இது ஒரு பீங்கான் சோத்துக்குப் போதுமான கறி. நான் நல்ல சந்தோசத்துல, கேக்காத ஆளுக்கும் ஓடி ஓடி விளக்கம் சொல்லிட்டிருந்தன். பென்சன் எடுத்த பள்ளிக்கூடத்து சேர் ஒருத்தர் வந்து இருந்தாரு. பீங்கானக் கிட்டக் கொண்டு போய் மணந்து பாத்தாரு. "தம்பி, இந்த எண்ணெய் எங்கட ஊட்டுலயும் இரிக்கி. நான் முழங்காலுக்குப் பூசுற" எண்டாரு.

எனக்கு முகம் செத்துட்டு. மச்சான் உள்ளுக்கிருந்து எட்டிப் பாத்து, "தின்னச் சொல்லு, தின்னச் சொல்லு" எண்டு கையக் காட்டுறாரு. சேர் பயந்து பயந்து ஒரு வாய் வெச்சாரு. மறுகா ஒரு வாய். பொறகு நிமிரவே இல்ல. கை கழுவிட்டு வந்து எண்ட தோள்ல தட்டிச் சொன்னாரு: "சோறு நல்லா இரிக்கி மகன். முழங்காலும் கொஞ்சம் சுகமா இரிக்கி."

மீன்காரரு கோவிச்சது

பெங்காலிக்கு மீன் எண்டா உசிரு. அதுலயும் அவங்கட இலிஷ் மீனுக்குக் கடுகு அரைச்சு ஊத்தின குழம்பு, எங்கட வாயில ஆணம், இருந்தா, பெருநாள் மாதிரி. இலிஷ் இஞ்ச கரையில படாது. அதனால பெரியநீலாவணையில இருந்து காலையில மீன் கொண்டு வாற அண்ணன்ட்ட நல்ல பாரையா வாங்கி, மச்சான் கடுகும் பச்சமிளகாயும் உப்பும் சேத்து அரைச்சு ஆக்கினாரு. மஞ்சளா, மூக்குல ஏறுற மாதிரி, சும்மா சொல்லக்கூடாது, எனக்கெண்டா அந்த ஆணத்துல பைத்தியம்.

எங்கட ஆக்கள் அரைச்ச கடுகக் காணுறது கலியாண ஊட்டு ஊறுகாய் அச்சாறுல மட்டும்தான். இத நான் யோசிக்கல்ல. அண்ணனக் கூப்பிட்டு, "உங்கட மீன்தான், ருசி பாருங்க" எண்டு பெருமையாக் குடுத்தன். அவரு ஒரு துண்டு வாயில வெச்சாரு, ஐஸ் பெட்டியப் பாத்தாரு, என்னப் பாத்தாரு. "இண்டு விடியப் புடிச்ச மீன் தம்பி இது. பழுதாப் போயிரும் எண்டா அச்சாறு போட்டு வெச்ச?"

உழவு மெஷின்ல வந்த ஆக்கள்

ஒரு நாள் காலையில பாந்தா பாத் போட்டம். இராவுச் சோத்துல தண்ணி ஊத்தி வெச்சு, காலையில வெங்காயம், பச்சமிளகாய், பொரிச்ச மீனோட திங்கிற. அங்க வருசப் பிறப்புக்கு இத ஒரு விசேசமாவே தின்னுவாங்களாம். நான் பலகையில பெருசா எழுதி, பூவெல்லாம் கீறி வாசல்ல வெச்சன். சம்மாந்துறையில இருந்து வயல் வட்டைக்குச் சாமான் எடுக்க வந்த மூணு பேர் உழவு மெஷின நிப்பாட்டிட்டு வந்தாங்க. பலகையப் பாத்து, "இது என்ன மனே?" எண்டு மூத்தவரு கேட்டாரு. நான் ஷஃபிக் பாய்ட ஊர்ல தொடங்கி, ஆத்தங்கரை, வெள்ளாமை எல்லாம் சுத்தி வந்து விளக்கினன். கவனமாக் கேட்டாங்க. பீங்கான் வந்துது. மூணு பேரும் குனிஞ்சு பாத்தாங்க, ஒருத்தர ஒருத்தர் பாத்தாங்க.

"பழஞ்சோறு" எண்டாரு ஒருத்தர், மெதுவா.

மூத்தவரு கையக் கழுவிட்டு வந்தபடியா வேற வழியில்லாமப் பிசையத் தொடங்கினாரு. பிசைஞ்சிட்டே சொன்னாரு: "இதத் தின்னமாட்டன் எண்டு பொண்டாட்டியோட சண்ட புடிச்சிட்டுத்தான் மனே நான் ஊட்ட உட்டு வெளிக்கிட்ட."

மழைக்கு மட்டும்

பெங்காலி ஊடுகள்ல மழை பெய்தாக் கிச்சுரி. அரிசியும் பருப்பும் ஒண்டா வேகவெச்சு, நெய் போட்டு, பக்கத்துல முட்டைப் பொரியல். மச்சானுக்கு அது மார்க்கக் கடமை மாதிரி: வெயிலுக்கு ஆக்கமாட்டாரு. மாரி தொடங்கி, தண்ணி ரோட்டுல ஓடின கிழமை, நாங்க தாச்சி நிறைய ஆக்கி வெச்சிட்டு வாசலப் பாத்திட்டு இருந்தம். ஒரு குருவியும் வரல்ல. வெயில் எறிச்ச முதல் நாள், பக்கத்து பாமசியில வேல செய்ற பிள்ள குடையோட வந்து கிச்சுரி கேட்டா. மழைக்கு மட்டும்தான் எண்டு நான் முறைய விளக்கினன். அவ குடைய என்னட்டக் காட்டிக் கேட்டா: "மழைக்கு நான் எப்புடி வாற, தோணியிலயா?"

உம்மாட கேள்வி

எங்கட பக்கத்துல ஊட்டுக்கு வந்த மாப்பிள்ளைய மாமி எப்புடி வெச்சிருப்பா எண்டு உங்களுக்குத் தெரியும். பெரிய மீன் தலை அவருக்கு, கோழியில நல்ல துண்டு அவருக்கு. அவரு அடுப்படிப் பக்கம் காலே வெக்கக்கூடாது. இந்த லட்சணத்துல எங்கட மச்சான் காலையில உம்மாட அம்மியில கடுகரைக்காரு. உம்மாக்கு வெக்கம் தாங்கல்ல. மருமகனோட நேருக்கு நேர் நிண்டு கதைக்கிற பழக்கமும் இல்ல, அதனால எல்லாம் என்னூடாகத்தான் போகும். மச்சான் ரெண்டு முழம் தள்ளி நிக்காரு. உம்மா என்னப் பாத்துக் கேக்கிறா: "லீவுல வந்த நேரமெல்லாம் நான் போட்ட சோத்துல என்ன குறை எண்டு கேட்டுச் சொல்லுடா."

மச்சானும் என்னப் பாத்துத்தான் பதில் சொன்னாரு: "குறை ஒண்டுமில்ல, கத்தார்ல கிடைக்காதது ஒண்டுதான் குறை எண்டு மாமிட்டச் சொல்லு."

இனிப்புத் தயிர்

மச்சான் செய்ததுல சத்தமில்லாம வித்தது மிஷ்டி தொய். எருமைப் பாலச் சுண்டக் காய்ச்சி, சீனியக் கருக்கிப் போட்டு, மண் சட்டியில உறைய வெக்கிற தயிர். சம்மாந்துறையில அரிசி மில் வெச்சிருக்கிற ஹாஜியார் ஒருத்தர் வந்து ஒரு சட்டி திண்டாரு. இன்னொரு சட்டி எடுத்தாரு. "நான் தயிருக்கு இனிப்புப் பாணி ஊத்திப் பழகினவன். இது எனக்கு வேலையே வெக்கல்ல" எண்டாரு. வெள்ளிக்கிழம ஜும்ஆக்குப் பொறகு அவர்ட புது ஊடு குடிபோற சாப்பாடாம். மச்சான ஆக்கித் தரக் கூப்பிட்டாரு.

நோன்புக்குக் கொஞ்ச நாள்தான் கிடக்கு. கடையில அரைச் சட்டிக்கு மேல ஓடின நாள் குறைவு. இந்த ஓடர் ஊர் வாயில விழுந்தா மச்சான் தப்புவாரு, எல்லாருக்கும் அது விளங்கும். ஹாஜியார் வெளிக்கிடக்குள்ள திரும்பிச் சொன்னாரு: "பெங்காலி எப்புடித் திங்கிறானோ, அப்புடியே என்ட சஹன்லயும் வைங்க."

சஹன்

அவரு அத வாய் தவறிச் சொல்லிட்டாரு எண்டு நான் இப்பயும் நினைக்கன். சஹன் எண்டா எங்களுக்கு ஒரு பெரிய தட்டு, சுத்தி ஆறு பேர். சோறும் கறிகளும் எல்லாம் அதுலயே ஒண்டா வரும். மூடியத் திறந்தா என்ன கிடக்கோ, அதுதான் சாப்பாடு. பெங்காலி அப்புடி இல்ல. முதல்ல கசப்பு, பொறகு பருப்பு, பொறகு மீன், பொறகு எறச்சி, கடைசில இனிப்பு. நான் மச்சான்ட்டக் கெஞ்சினன், "எல்லாத்தையும் ஒண்டா வெச்சிருவம்" எண்டு. "ஹாஜியாரே சொல்லிட்டாரு. ஷஃபிக் பாய்ட முறைய நான் மாத்தமாட்டன்" எண்டாரு.

வெள்ளிக்கிழம முதல் சஹன் திறந்துது. வெள்ளச் சோறு, நடுவுல பாவக்காயும் வாழக்காயும் முருங்கக்காயும் போட்டுப் பால் ஊத்தின ஷுக்தோ. குடிபோற ஊட்டுச் சாப்பாட்டக் குறை சொல்றது மரியாதையா? ஹாஜியாருக்கு ஏதோ பக்தி கூடிட்டு எண்டு நினைச்சு, சுத்தி இருந்த ஆக்கள் பிஸ்மி சொல்லி, இதுதான் சாப்பாடு எண்டு வயிறு நிறையத் திண்டாங்க. பருப்பு வந்துது. "அல்ஹம்துலில்லாஹ், ஆணமும் இரிக்கி" எண்டு மறுகாச் சோறு கேட்டு வாங்கித் திண்டாங்க. மீன் வரக்குள்ள பாதிப் பேர் கை கழுவிட்டாங்க. மாட்டெறச்சி வந்துது. தண்ணி ஒரு சொட்டு ஊத்தாம, வெங்காயத்துட சாறுலயே கிளறிக் கிளறிக் கறுப்பா எடுத்த எறச்சி. வாசம் மதில் தாண்டிப் போகுது. ஆக்கள் சுவர்ல சாஞ்சு கிடக்காங்க. ஒரு பெரியவரு ஏவறை உட்டுட்டு என்னப் பாத்தாரு: "எறச்சி இரிக்கெண்டு பிஸ்மி சொல்லக்குள்ளயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன தம்பி?"

ஹாஜியார்ட முகத்த நான் பாக்கல்ல, பாக்க ஏலாது. ஏனம் ஏனமா எறச்சி மிச்சம். அவரு போற ஆக்கள்ட கையில எல்லாம் ஒவ்வொரு பை கட்டிக் குடுத்தனுப்பினாரு. ஊட்டுக்கு வந்த மச்சான் ராத்தாட்டக் கத்தார் சூட்கேஸ் எங்க எண்டு கேட்டாரு. ராத்தா ஜன்னலப் பாத்துக்கிட்டுச் சொன்னா: "அத எலி கடிச்சிட்டு." நான் போய்ப் பாத்தன். ஒரு எலியும் கடிக்கல்ல.

சனிக்கிழமை போன்

மற்ற நாள் கடை திறக்க முந்தியே போன் அடிச்சுது. ஒரு பொம்பிளைக் குரல். நான் ஏச்சு எண்டு நினைச்சு ஸ்பீக்கர்ல போட்டன், மச்சானும் பங்கெடுக்கட்டும் எண்டு. "ஹாஜியார் ஊட்டால எங்கட மனுசன் கொண்டு வந்த எறச்சி நீங்க ஆக்கினதா?" எண்டு கேட்டா. ஓம் எண்டன். "மனுசன் சாப்பாடு சரியில்ல எண்டுதான் சொன்னாரு. அவரு பாவக்காய் திண்டு வந்த ஆளு, அவர உடுங்க. நாங்க ரொட்டியோட திண்ட. பக்கத்து ஊட்டுலயும் அதே கதைதான். எங்கட மகன்ட கலியாண வலீமாக்கு ஆக்கித் தரேலுமா?"

மச்சான் வெங்காயம் வெட்டுறத நிப்பாட்டிட்டாரு. "வலீமா எப்ப?" எண்டு அங்கயிருந்தே கேட்டாரு. "நோன்புப் பெருநாளைக்குப் பொறகு" எண்டா அவ. நோன்போட அங்க இடம் போயிரும். ஓம் எண்டாக் கத்தார் இல்ல. மச்சான் கையச் சாரத்துல துடைச்சாரு, கண்ணையும் துடைச்சாரு, வெங்காயம் எண்டு வெச்சுக்கங்க. போன வாங்கி, "ஓம் ராத்தா, நான் நிப்பன்" எண்டாரு. அவ கேட்டது ஆக்கித் தரேலுமா எண்டு. இவரு சொன்னது நிப்பன் எண்டு. அவவுக்கு அது விளங்கல்ல, ஆனாச் சட்டெண்டு பதில் வந்துது: "நில்லுங்க தம்பி, ஆனா அந்தப் பாவக்காயக் கொண்டு வந்தா நான் மனுசியா இருக்கமாட்டன்."

மொத்தத்துல, ஒரு புதுச் சாப்பாட்ட எங்கட ஊருக்குப் பழக்கிறதெண்டா, ஆம்பிளைகள்ட வயித்த வேற எதாலயாவது நிரப்பிட்டு, நல்லதப் பார்சல் கட்டி ஊட்டுக்கு அனுப்பிறணும்.